வளவில் மஞ்சள்: விதைக்கிழங்கிலிருந்து தூள் போத்தல் வரை

நான் கறித்தூள் இடித்து விற்கிறவள். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் இருக்கிறது. அதில் 2 அடுப்பு, ஒரு பெரிய இரும்புத் தாச்சி, நாலைந்து சுளகு. கனடாவுக்கும் லண்டனுக்கும் பயணம் போகிறவர்களின் பெட்டியில் போகும் தூளில் கொஞ்சம் என் கையால் வறுத்தது. ஒரு கிலோ செத்தல் மிளகாய்க்கு ஒரு கிலோ கொத்தமல்லி, 50 கிராம் மஞ்சள் என்பது அம்மாவின் கணக்கு. சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் ஆளுக்காள் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். மஞ்சளை விட்டால் தூள் மண் நிறத்துக்குப் போய்விடும், மீன் கறியில் வெடுக்கு நிற்கும்.

அந்த 50 கிராம்தான் 2020இல் கிடைக்காமல் போனது. இலங்கையில் நாங்கள் சமைத்த மஞ்சளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்தது. உள்ளூர் விவசாயத்தை வளர்க்க வேண்டும் என்று அரசாங்கம் அந்த இறக்குமதியை நிறுத்தியது. அதே நேரத்தில் கொரோனாவும் வந்தது. ஒவ்வொரு படலையிலும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வாளித் தண்ணீர் வைத்தார்கள், தெருவுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். இருந்ததும் அதில் கரைந்தது. கிலோ 750 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டார்கள். அந்த விலைக்குக் கடையில் ஒரு பைக்கற்றும் இல்லை. ஆண்டு முடியும்போது கிலோ 4,000, 5,000 என்று நின்றது. கோயிலில் மஞ்சள் பிள்ளையார் பெருவிரல் அளவுக்குச் சிறுத்துவிட்டார். வீடுகளில் மஞ்சள் இல்லாத வெள்ளைச் சொதி வைத்தார்கள். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவைத்ததை நானே பார்த்தேன்.

நான் என் வளவில் மஞ்சள் போட்டது அப்போதுதான். இன்றுவரை விடவில்லை. எப்படிச் செய்வது என்று ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். வாசலில் 4 சாக்குப் பை வைக்க இடம் உள்ளவருக்கும் இது போதும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990இல் போருக்குத் தப்பிப் படகில் தமிழ்நாட்டு மண்டபத்துக்குப் போனபோது எனக்கு 14 வயது. அங்கிருந்து எங்களைப் பவானிசாகர் அகதி முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். அது ஈரோடு மாவட்டம், மஞ்சள் விளையும் மண். முகாமிலிருந்து நாள் கூலிக்குப் போய் நட்டோம், களை பிடுங்கினோம், தை மாசியில் வெட்டினோம், கொப்பரையில் அவித்தோம். 21 வருடம். 2011இல் ஊருக்கு வரும்போது கையில் பெரிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. இந்த வேலை தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முதலில் விதைக்கிழங்கு

இறக்குமதி நின்ற வருடம் ‘எல்லோரும் வளவில் நடுங்கள்’ என்று வானொலியிலும் சொன்னார்கள். எதை நடுவது? மஞ்சளுக்கு விதை என்று தனியாக ஒன்று கிடையாது. சாப்பிடுகிற அதே கிழங்குதான் விதை. ஒரு ஏக்கர் நடுவதற்கு 800 முதல் 1,000 கிலோ பச்சைக் கிழங்கு வேண்டும். உளுந்தையும் பயறையும் அப்போது நிறுத்தினார்கள், அது வேறு கதை. உளுந்து கைப்பிடி போட்டால் 3 மாதத்தில் மடியை நிரப்பும். மஞ்சள் 9 மாதம் மண்ணுக்குள் கிடக்கும். நிறுத்துவதற்கு 2 வருடம் முன்பே விதைக்கிழங்கைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்திருந்தால் யாரும் வெள்ளைச் சொதி குடித்திருக்க மாட்டார்கள். ஒரு கிழங்கைப் பார்த்ததும் கறிக்கா விதைக்கா என்று மனம் இரண்டுபட்டால், விலை ஏறிய வருடத்தில் கறிதான் வெல்லும். அதனால்தான் இந்தப் பயிரில் விதையைப் பற்றியே கூடுதலாக எழுதுகிறேன்.

கடையில் விற்கிற காய்ந்த விரலி முளைக்காது, அது அவித்துக் காயவைத்தது. இதைத் தெரியாமல் 2020இல் காய்ந்த மஞ்சளை நட்டு 2 மாதம் தண்ணீர் ஊற்றியவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். உங்களுக்கு வேண்டியது அவிக்காத பச்சைக் கிழங்கு. தெற்கே மாத்தளை, குருநாகல், கண்டிப் பக்கம் பரம்பரையாக மஞ்சள் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மாசி பங்குனியில் அங்கே பச்சைக் கிழங்கு கிடைக்கும். நான் மரக்கறி லொறி ஓட்டுகிற ஒரு தம்பியிடம் சொல்லிவைத்து மாத்தளையிலிருந்து 4 கிலோ எடுப்பித்தேன். அதற்குக் கொடுத்த காசை என் வீட்டுக்காரரிடம் கூட அப்போது சொல்லவில்லை.

கிழங்கை வாங்கும்போது நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே செம்மஞ்சளாக, ஈரமாக இருக்க வேண்டும். தோலில் வெள்ளைச் செதில் ஒட்டியிருந்தால் அது பூச்சி, வேண்டாம். அமுக்கினால் பதிகிற கிழங்கும் வேண்டாம். ஒவ்வொரு கிழங்கிலும் குண்டு, விரலி என்று இரண்டு உண்டு. நடுவில் உருண்டையாக இருக்கும் தாய்க்கிழங்கு குண்டு, அதிலிருந்து கிளைத்தது விரலி. இரண்டுமே முளைக்கும். குண்டில் வரும் செடி தொடக்கத்தில் வலுவாக வரும், அதனால் நான் குண்டைப் பாதியாக வெட்டி நடுவேன். விரலியானால் 2 கண் உள்ள துண்டு. துண்டு ஒன்று 25 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். வெட்டிய முகத்தில் சாம்பல் தொட்டு ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். என் 4 கிலோவில் 150 துண்டு வந்தது.

நடுவது

சித்திரையில் இடியோடு வருகிற மழைக்குப் பிறகு நடுவது எங்கள் பக்கத்துக்குச் சரி. அப்படி நட்டால் தை கடைசியில் வெட்டலாம். எங்களுடையது செம்மண். தண்ணீர் வடியும், ஆனால் சோளகக் காற்றில் 3 நாளில் காய்ந்து வெடிக்கும். மஞ்சளுக்கு அரைநிழல் பிடிக்கும். நீர்வேலியில் எல்லோரும் வாழை வைத்திருக்கிறோம், அந்த வாழைக்கு நடுவே போட்டேன். தென்னைக்குக் கீழும் போடலாம். முழு நிழலில் இலை கொழுக்கும், கிழங்கு தேறாது.

மண்ணை முக்கால் அடி ஆழம் கொத்தி, நன்றாக மக்கிய மாட்டெரு கலந்து, ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். பாத்தியின் உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். செடிக்குச் செடி ஒரு அடி. 2 அங்குல ஆழத்தில் கண் மேலே பார்க்க வைத்து மூடுங்கள். உடனே மேலே மூடாக்கு போட வேண்டும். வேலியில் வெட்டிய பூவரசங் குழையும் கிளிசரியாக் குழையும் போட்டு அதன்மேல் காய்ந்த வாழைச்சருகு பரப்பினேன். முளை வர 3, 4 கிழமை ஆகும். அதற்குள் பொறுமை இழந்து கிண்டிப் பார்த்தால் முளை முறியும்.

பையில் வைக்கிறவர்கள் அகலமான பையாக எடுங்கள், ஆழம் ஒரு அடி போதும். கிழங்கு பக்கவாட்டில்தான் ஓடும். அரிசிப் பை நல்லது. ஒரு பைக்கு 2 துண்டு, அதற்கு மேல் வேண்டாம். அடியில் நாலைந்து ஓட்டை போட மறக்க வேண்டாம்.

வைகாசியிலிருந்து ஆவணி வரை 4 நாளுக்கு ஒருமுறை கிணற்றுத் தண்ணீர் விட்டேன். ஆனியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை களை பிடுங்கி, எரு போட்டு, அடிக்கு மண் அணைத்தேன். மண் அணைக்காவிட்டால் கிழங்கு வெளியே எட்டிப்பார்த்துப் பச்சை பிடிக்கும். பசளைக் கடைக்கு நான் போகவில்லை. 2021 வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதியையும் நிறுத்தினார்கள், கார்த்திகையில்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். தோட்டக்காரர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் மஞ்சளுக்கு அது உறைக்கவில்லை, மாட்டெருவும் குழையும் போதுமாக இருந்தன. ஆனால் 30 பரப்புக் காணியில் வெங்காயம் செய்கிறவருக்கு அந்தப் பதில் சொல்ல முடியாது.

மழை

இப்போது பாத்தி உயரத்துக்கு வருகிறேன். முதல் வருடம் நான் சாணில் பாதி உயரம்தான் கட்டினேன். ஈரோட்டில் வாய்க்கால் பாய்ச்சுகிற நிலத்தில் பழகிய கை, எங்கள் ஊர்க் கார்த்திகை மழையை அது மறந்துவிட்டது. 2020 மார்கழி தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தது. திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது என்றார்கள், மழை எங்கள் யாழ்ப்பாணத்தில் கொட்டியது. வளவில் முழங்கால் தண்ணீர். வாழை சரிந்தது. மஞ்சள் பாத்தியில் 2 நாள் தண்ணீர் நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகு வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. ஒரு கிழமை போக, இலைகளின் ஓரம் மஞ்சளித்து, தண்டை இழுத்தால் கையோடு வந்தது. அடியில் மோந்தால் நாற்றம். அதுதான் கிழங்கழுகல். அப்படி வந்த செடியை உடனே சுற்று மண்ணோடு அள்ளி வளவுக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். குப்பைக் கிடங்கில் போட்டால் அடுத்த வருட எருவில் திரும்பி வரும். நான் 50 செடிக்கு மேல் அப்படி அள்ளினேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனவே, ஐப்பசி பிறந்ததும் பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டுங்கள். வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்றும் பாருங்கள், வேலியோரம் முட்டி நின்றால் பயனில்லை. அழுகல் வந்த பாத்தியில் அடுத்த 2, 3 வருடம் மஞ்சளோ இஞ்சியோ நட வேண்டாம். நான் அந்த இடத்தில் வெண்டியும் பயிற்றையும் போட்டேன்.

தப்பிய செடியில் ஒன்றைத் தைப்பொங்கலுக்கு இலையோடு பிடுங்கிப் பானையின் கழுத்தில் கட்டினேன். முந்தின வருடம் வரை சந்தையில் வாங்கிக் கட்டியது. அம்மா அந்தக் கிழங்கை முகர்ந்துவிட்டு வைக்கவே இல்லை.

கிண்டுவது

மார்கழி கடைசியில் இலை தானாகக் காய்ந்து சாயும். அதுவரை தொட வேண்டாம். இலை முழுக்கக் காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, 2, 3 கிழமை கழித்து, தண்டை அடியோடு அறுத்துவிட்டுச் செடியிலிருந்து ஒரு அடி தள்ளி மண்வெட்டியை இறக்கி நெம்புங்கள். கிட்டக் கொத்தினால் விரலி வெட்டுப்படும், வெட்டுப்பட்டது விதைக்கு உதவாது. மண்ணை உதிர்த்து வேரைக் கிள்ளி, குண்டு வேறு விரலி வேறாகப் பிரியுங்கள்.

முதல் வருடம் எனக்கு 22 கிலோ பச்சைக் கிழங்கு வந்தது. கையில் எடுத்ததும் நல்லதாகப் பார்த்து 8 கிலோவைப் பிரித்து விதைக்கென்று தனியே வைத்தேன். இதைக் கிண்டிய இடத்திலேயே செய்துவிட வேண்டும், வீட்டுக்குள் போனால் கை மாறும். அந்த நேரம் கிலோ 5,000 ரூபா. கடைக்காரர் ஒருவர் பச்சையாகவே எல்லாவற்றையும் எடுக்கிறேன் என்று காசோடு படலையில் நின்றார். கொடுக்கவில்லை. பெரிய, நோயில்லாத செடியில் வந்ததே விதைக்கு. சூத்தையும் சிறுத்ததும் அவிக்க.

அவிப்பது

மீதி 14 கிலோ அவித்தேன். ஆட்கள் பிழை விடுகிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கிண்டி 3 நாளுக்குள் அவித்துவிடுங்கள். முதலில் 2, 3 தண்ணீரில் கழுவி மண்ணை முழுக்க எடுக்க வேண்டும். குண்டையும் விரலியையும் ஒன்றாகப் போட வேண்டாம். விரலி வெந்து குழையும்போது குண்டு உள்ளே பச்சையாக நிற்கும். பெரிய குண்டைப் பாதியாக வெட்டலாம். கிடாரத்தில் கிழங்கைப் போட்டு, மேலே 2 அங்குலம் நிற்கிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, மேலே மஞ்சள் இலையையே மூடியாகப் போட்டு எரியுங்கள். தண்ணீரைத் தவிர ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை. அடுப்பு வெளியில் இருக்கட்டும், தெறித்த சாறு சுவரை விட்டுப் போகாது.

கொதி வந்து முக்கால் மணி நேரம் அளவில் மேலே நுரை கட்டும். அப்புறம் வாசம் மாறும். பச்சை மஞ்சளின் மண்வாசம் போய், நீங்கள் தூளில் அறிந்த அந்த வாசம் ஆவியோடு வரும். அந்த நேரம் ஒரு கிழங்கை எடுத்து விரலால் அமுக்குங்கள். மெத்தென்று கொடுக்க வேண்டும். பிறகு ஒரு தென்னை ஈர்க்கால் குத்துங்கள். தடையில்லாமல் மறுபக்கம் வந்தால் இறக்கிவிடலாம். பவானிசாகரில் எங்களை வேலைக்கு வைத்த பாட்டி இதை ஈர்க்குக் கூட இல்லாமல், ஆவியை முகர்ந்தே சொல்வார். எனக்கு அந்த மூக்கு இன்னும் வரவில்லை, ஈர்க்கை விடவில்லை.

கூட அவிந்தால் நிறம் மங்கும், கிழங்கு வெடித்துக் கரையும். குறைய அவிந்தால் காயும்போது நடுவில் வெளிறிய வளையம் நிற்கும், பிறகு உளுத்துப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு 10 நிமிடம்தான், பக்கத்தை விட்டுப் போக வேண்டாம்.

எதற்கு அவிப்பது, பச்சையாகவே சீவிக் காயவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கொஞ்சமாக இருந்தால் செய்யலாம். மெல்லிய வட்டமாகச் சீவினால் 4, 5 நாளில் காய்ந்துவிடும், வீட்டுக் கிரைண்டரிலேயே அரையும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் அவித்த மஞ்சளின் நிறம் கிழங்கு முழுக்க ஒரே சீராக இருக்கும், பச்சை நெடி இராது, நாள் படக் கிடக்கும். என் தூளுக்கு நான் அவித்ததையே போடுவேன்.

காயவைப்பதும் தூளும்

தண்ணீரை வடித்து, சீமேந்துத் தரையிலோ சுத்தமான படங்கிலோ பரப்புங்கள். மெல்லிதாகப் பரப்பத் தேவையில்லை, 2 அங்குலக் கனம் நல்லது. மாசி வெயிலில் 10 முதல் 15 நாள். இரவில் குவித்து மூடுங்கள், மாசிப் பனி பொல்லாதது. ஒரு விரலியை ஒடித்தால் ‘டக்’ என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். வளைந்தால் இன்னும் 2 நாள். காய்ந்ததைச் சாக்கில் கட்டி, இரண்டு பேர் இரு முனையில் பிடித்துக் குலுக்கி, தரையில் தேயுங்கள். தோலும் வேரும் உதிர்ந்து மஞ்சள் துலங்கும்.

5 கிலோ பச்சைக்கு 1 கிலோ காய்ந்தது என்பது பொதுக் கணக்கு. என் 14 கிலோ 2.8 கிலோவாக இறங்கியது. காய்ந்து சுருங்கியதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். 50 கிராம் கணக்கில் அது 56 கிலோ மிளகாய்க்குக் காணும்.

காய்ந்த மஞ்சள் கல்லுப் போல இருக்கும், வீட்டுக் கிரைண்டர் அலகு முறியும். முதலில் உரலில் இடித்துக் குறுணியாக்குங்கள். மில்லுக்குக் கொடுப்பதானால் காலையில் முதல் ஆளாகப் போங்கள், முன்னால் அரைத்த மிளகாய் மெசினில் ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூளாக்க வேண்டாம். முழு விரலியாக வைத்தால் வாசம் நிற்கும். 2 மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, இருட்டான இடத்தில் மூடிய போத்தலில் வையுங்கள். வெயில் பட்டால் மஞ்சள் வெளிறும்.

வாங்கிய தூளைப் பார்ப்பது எப்படி

எல்லோராலும் நட முடியாது. வாங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன். தட்டுப்பாட்டு வருடத்தில் என்னிடம் ஆட்கள் கொண்டுவந்து காட்டிய பைக்கற்றுகளில் பலதில் அரிசி மா கலந்திருந்தது. விரலில் தேய்த்தால் மா வழுக்கும், மஞ்சள் கறை பிடித்துக்கொள்ளும். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் மெல்ல இறங்கி அடியில் படியும், மேலே தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். சாயம் போட்டது உடனே கடும் மஞ்சளாகக் கோடு கோடாக இறங்கும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு தொட்டால் சிவக்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. சிவந்தால் மஞ்சள் இருக்கிறது என்று அர்த்தம், மஞ்சள் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அயடீன் விட்டு மாவைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்வதை நம்ப வேண்டாம், மஞ்சளிலேயே இயற்கையாக மாப்பொருள் உண்டு. முடிந்தால் முழு விரலியாக வாங்குங்கள். அதில் மா கலக்க முடியாது. அதிகமாகப் பளபளத்து, கையில் மஞ்சள் தூசு ஒட்டினால் மேலே நிறம் பூசியது, அதையும் விடுங்கள்.

கடலால் வந்த மஞ்சளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் மண்டபம், வேதாளைப் பக்கமிருந்து படகில் மூட்டை மூட்டையாக வந்தது. அங்கேயும் பிடித்தார்கள், மன்னாரிலும் கற்பிட்டியிலும் கடற்படை பிடித்தது. நான் 14 வயதில் கடந்த அதே கடல். என்னிடம் ஒருவர் பாதி விலைக்கு ஒரு மூட்டை கொண்டுவந்தார். அவிழ்த்துப் பார்த்தேன். நல்ல ஈரோட்டு விரலி, பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறி, நடுவில் சாம்பல் பூத்திருந்தது. பூஞ்சணம் பிடித்ததை வறுத்தாலும் நஞ்சு போகாது. என் தூளைச் சாப்பிடுகிற பிள்ளைகளை நினைத்துத் திருப்பி அனுப்பினேன். அதை வேறு யாரோ அரைத்திருப்பார்கள் என்ற கவலை இன்னும் இருக்கிறது.

பச்சைக் கிழங்கைச் சமைக்க

அவிக்க நேரமில்லாதவர்கள் பச்சையாகவே பாவிக்கலாம். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால் அதற்குப் பச்சையில் 15 கிராம், அதாவது சின்னவிரல் அளவு துண்டு ஒன்று. சொதிக்கு அதைத் தேங்காய்ப்பூவோடு சேர்த்து அரைத்துப் பால் பிழிந்தால் நிறம் அப்படியே வரும். இலையையும் எறிய வேண்டாம், மீனைச் சுற்றி அவித்தால் வாசமாக இருக்கும்.

விதையை வைப்பது

கிண்டும்போது பிரித்த கிழங்கைக் கழுவக் கூடாது. மண்ணை மட்டும் தட்டி, 2 நாள் நிழலில் ஆறவிடுங்கள். ஒரு மரப்பெட்டியில் காய்ந்த மணல் ஒரு படை, கிழங்கு ஒரு படை என்று அடுக்கி, மேலே காய்ந்த மஞ்சள் இலை போட்டு, வெயிலும் மழையும் படாத மூலையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகும். கிழமைக்கு ஒருமுறை மேல் படையைப் பாருங்கள். ஒன்று அழுகியிருந்தால் தொட்டடுத்த கிழங்கையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் வருடம் அந்த 8 கிலோவை 300 துண்டாக நட்டேன், ஒரு சாண் பாத்தியில். 60 கிலோ வந்தது. 12 கிலோ விதைக்கு, 8 கிலோ ஊரவருக்கு, மீதி 40 கிலோ அவித்து 8 கிலோவாகக் காய்ந்தது. அந்த வருடம் தூளுக்கு நான் மஞ்சள் வாங்கவில்லை. 2022இல் டொலர் இல்லாமல் கடைகளில் எல்லாமே இல்லாமல் போனபோதும் வாங்கவில்லை.

சிறிமாவோ பிரதமராக இருந்த காலத்துக் கதையை அம்மா சொல்வார். 1970க்குப் பிறகு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு வெளியிலிருந்து வருவதைக் கட்டுப்படுத்தியபோது எங்கள் பக்கத் தோட்டக்காரர் கல் வீடு கட்டினார்கள். 77இல் திறந்துவிட்டதும் அந்த விலை விழுந்தது. கதவை மூடினாலும் திறந்தாலும் அது கொழும்பில் நடக்கும். அடுத்த சித்திரைக்கு வேண்டிய கிழங்கு வளவில் இருக்கிறதா என்பதை மட்டும் நான் பார்த்துக்கொள்ளலாம்.

பங்குனி கடைசியில் பெட்டியைத் திறந்தால் கண்கள் வெள்ளையாக, அரிசி முனை அளவுக்கு முளைத்திருக்கும். அதுதான் நடும் பருவம். முன்வீட்டு அக்கா கடகத்தோடு அன்றைக்கே வந்துவிடுவார். 2 கிலோ நிறுத்துக் கொடுப்பேன், காசு வாங்குவதில்லை. அடுத்த மாசியில் அவர் 2 கிலோ திருப்பித் தர வேண்டும், தூளாகவோ காய்ந்த விரலியாகவோ அல்ல, அவிக்காத பச்சைக் கிழங்காக. அவர் தருவதை நான் வேறு ஒரு வீட்டுக்குக் கொடுப்பேன். இதுவரை இப்படி 11 வீடு ஆகிவிட்டது.